மாணவர் வந்து போனார்... மறுபடி வந்தாரா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் பேசியதன் விரிவான எழுத்து வடிவம்)



ஒளிப்பதிவு முடியப்போகும் நேரம். "கேள்வி இருப்பவர்கள் கேட்கலாம்" என்று ஒலிவாங்கியைப் பார்வையாளர் பக்கம் நீட்டினேன். பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார்.

"தம்பி, நான் கெலாங் பாத்தாவிலேர்ந்து வர்றேன். எங்க வீட்டுக்காரர் துறைமுகத்துல லோரி ஓட்டுறாரு. பையன இஞ்சினியருக்குப் படிக்க வெச்சிருக்கோம். பி.டி.பி.டி.என். கடன் வேற. போன வாரம் போன் போட்டா, 'கம்பத்துல கால்வாய் பார்க்கப் போயிருந்தோம்மா'ன்னு சொல்றான். அவன் இஞ்சினியருக்குப் படிக்கிறானா, இல்ல கோத்தோங் ரோயோங் பண்ணப் போயிருக்கானா?"

அரங்கம் சிரித்தது. நிகழ்ச்சியை நடத்துபவன் என்ற முறையில் நானும் சிரித்து வைத்தேன். மேடையில் இருந்த நிபுணர்கள் ஆளுக்கு ஒரு நிமிடம் பதில் சொன்னார்கள். நேரம் முடிந்துவிட்டது. ஆனால் அந்த அம்மாவின் முகம் தெளியவில்லை. தொலைக்காட்சியில் ஒரு நிமிடம் என்பது பெரிய நேரம். ஒரு தாயின் கவலைக்கு அது போதாது. ஆகவே அன்று பேசியதோடு, பேச விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஓர் ஒப்புதல். நான் பொறியியல் படித்தவன் அல்லன். தொடர்பு ஊடகத் துறையில் டிப்ளோமா முடித்து, ஒலிவாங்கியைப் பிடித்தவன். ஆனால் நான் படித்த கல்லூரியிலும் 'சமூக சேவை' என்று ஒரு பாடம் இருந்தது. ஒரு சனிக்கிழமை, 30 பேர், ஒரு பஸ், ஒரே நிறத்தில் டீ-சட்டை. செம்பனைத் தோட்டம் ஒன்றுக்குப் போனோம். பாலர் பள்ளிச் சுவருக்குச் சாயம் பூசினோம். தோட்ட மண்டபத்தில் பலகை அலமாரி ஒன்றை அடித்து வைத்து, 'நூலகம்' என்று எழுதி, வீடுகளில் வேண்டாமென்று கிடந்த புத்தகங்களை அடுக்கினோம். பதாகையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தோம். தோட்டத்து மக்கள் எங்களுக்கு மீ கோரேங்கும் தேநீரும் கொடுத்தார்கள். எல்லாருக்கும் 'ஏ' கிடைத்தது.

இரண்டு வருடம் கழித்து அதே தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போனேன். அலமாரியின் நடுத்தட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது! கோழியைக் குறை சொல்ல முடியாது. அந்த அலமாரியை உருப்படியாகப் பயன்படுத்தியது அது ஒன்றுதான். அங்கிருந்த அக்கா ஒருவர் சொன்னார்: "புள்ளைங்களுக்குச் சாயங்காலத்துல கணக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் வேணும்னு அன்னிக்கே சொல்லலாம்னு நெனச்சேன் தம்பி. நீங்கள்லாம் அவசரத்துல இருந்தீங்க."

அந்தக் கெலாங் பாத்தா அம்மாவின் மகன் செய்துகொண்டிருப்பதும் இதேதான் என்றால், அவருடைய கோபம் முழுக்க நியாயம். ஆனால் அது வேறொன்றாகவும் இருக்கலாம்.

பூத்தையல்

அந்த வேறொன்றுக்குப் பெயர் 'சேவைவழிக் கற்றல்'. 1967-இல் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கல்விப் பணியில் இருந்த ராபர்ட் சிக்மன், வில்லியம் ராம்சே ஆகியோர் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். சேவை தனி, படிப்பு தனி என்று இல்லாமல், மாணவன் செய்யும் சேவையே அவன் படிக்கும் பாடமாகவும் இருக்க வேண்டும் என்பது எண்ணம். 1979-இல் சிக்மன் இதற்கு மூன்று விதிகள் எழுதினார். அவற்றில் முதல் விதிதான் எனக்குப் பிடித்தது: என்ன சேவை தேவை என்பதை முடிவு செய்யும் உரிமை சேவையைப் பெறுகிறவர்களிடம் இருக்க வேண்டும். எங்கள் அலமாரிக் கதையில் இந்த விதி முதல் நிமிடத்திலேயே அடிபட்டுப் போய்விட்டது பாருங்கள்.

இந்தியாவில் நாட்டு நலப்பணித் திட்டம் 1969-இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. பெரிய திட்டம், நல்ல திட்டம். ஆனால் அங்கே வரலாறு படிக்கும் மாணவனும் பொறியியல் படிக்கும் மாணவனும் ஒரே மண்வெட்டியைத்தான் பிடிப்பார்கள். சேவைவழிக் கற்றலில் அப்படி இல்லை. மின்னியல் மாணவன் மின்னியலைக் கொண்டுதான் சேவை செய்ய வேண்டும், அதற்குத்தான் மதிப்பெண்.

நம் நாட்டில் கல்வி அமைச்சு 2019-இல் பல்கலைக்கழகங்களுக்காக இதைச் 'சுலாம்' என்ற பெயரில் கொண்டுவந்தது. நீளமான மலாய், ஆங்கிலப் பெயர் ஒன்றின் சுருக்கம் அது. ஆனால் மலாயில் 'சுலாம்' என்றாலே பூத்தையல் என்று பொருள். யார் யோசித்து வைத்தார்களோ, பொருத்தமான பெயர். தைத்துப் பழகிய பெண்களுக்குத் தெரியும், ஊசி துணிக்குள் போனால் மட்டும் பூ வராது. திரும்பி மேலே வர வேண்டும், மறுபடி போக வேண்டும்.

40 பேர், ஐந்து குழு

பொறியியலில் இதை ஒழுங்காகச் செய்து காட்டிய இடம் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள பர்டியூ பல்கலைக்கழகம். 1995-இல் எட்வர்ட் காயில், லியா ஜேமிசன் முதலிய மின்னியல் பேராசிரியர்கள் 'எப்பிக்ஸ்' என்ற பெயரில் தொடங்கினார்கள். முதலில் 40 மாணவர்கள், ஐந்து குழுக்கள், அவ்வளவுதான். பட்டதாரிகளுக்குக் கணக்கு வருகிறது; ஆனால் குழுவாக வேலை செய்யவும், பொறியியல் தெரியாத ஒருவரிடம் அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுப் புரிந்துகொள்ளவும் வரவில்லை என்று தொழில் நிறுவனங்கள் குறைப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது.

அந்தத் தொடக்க காலத்தில் ஒரு குழுவுக்கு வந்த வேலையைக் கேளுங்கள். அந்த வட்டாரத்தில் வீடில்லாதவர்களுக்கு உதவும் அமைப்புகள் பல இருந்தன. ஒன்று சாப்பாடு கொடுக்கும், ஒன்று படுக்க இடம் கொடுக்கும். ஒவ்வொன்றும் தனித்தனிப் பதிவேடு வைத்திருந்தது. ஒரே ஆள் மூன்று இடத்தில் போனால் மூன்று பேராகக் கணக்கில் வருவார். ஆகவே, ஊரில் வீடில்லாதவர் எத்தனை பேர் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. தெரியாவிட்டால் உதவிப் பணம் எப்படிக் கேட்பது? பதிவேடுகளை அப்படியே ஒன்றாகக் கொட்டவும் முடியாது; அந்த மனிதர்களின் பெயரும் சொந்த விவரமும் வெளியே போகக் கூடாது. பெயரைக் காப்பாற்றிக்கொண்டே ஆளைச் சரியாக எண்ணும் கணினி முறை தேவைப்பட்டது. மாணவர்கள் அதைச் செய்தார்கள். இதில் கோத்தோங் ரோயோங் எங்கே இருக்கிறது? முழுக்க முழுக்கக் கணினிப் பாடம்.

ஆனால் நான் கவனித்தது அந்தக் கணினி முறையை அல்ல. குழுவை அமைத்த விதத்தை. முதலாண்டு மாணவனும் இறுதியாண்டு மாணவனும் ஒரே குழுவில் இருப்பார்கள். ஒரு பருவம் முடிந்ததும் கலைந்துவிட மாட்டார்கள். மூத்தவர் பட்டம் பெற்றுப் போவார், இளையவர் தொடர்வார், புதியவர் சேர்வார். ஒரே அமைப்போடு வருடக்கணக்கில் உறவு நீடிக்கும். செய்து கொடுத்தது பழுதானால், அதே குழு திரும்பி வந்து தன் தவற்றைத் தானே பார்க்கும். இந்தத் திட்டத்துக்காகக் காயில், ஜேமிசன், வில்லியம் ஓக்ஸ் மூவருக்கும் 2005-இல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகம் கோர்டன் பரிசு வழங்கியது.

திரும்பிப் போவது அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்கு, அமெரிக்காவை விட்டு நமக்குத் தெரிந்த இடத்துக்கு வருகிறேன்.

அடிபம்பு சொல்லும் பாடம்

தமிழ்நாட்டுக்குப் போய் வந்தவர்கள் தெருமுனையில் அடிபம்பைப் பார்த்திருப்பார்கள். நீளமான கைப்பிடி, தடிமனான இரும்பு உடம்பு. அதற்கு ஒரு வரலாறு உண்டு.

1960-களின் கடைசியில் இந்தியாவில் பெரும் வறட்சி. ஆழ்துளைக் கிணறுகள் தோண்டி, வார்ப்பிரும்புப் பம்புகளைப் பொருத்தினார்கள். அந்தப் பம்புகள் மேல்நாட்டில் ஒரு வீட்டுக்காக, ஒரு பண்ணைக்காக வடிவமைத்தவற்றின் நகல்கள். அங்கே ஒரு குடும்பம் நாளைக்குச் சில முறை அடிக்கும். இங்கே ஒரு கிராமமே விடியற்காலையிலிருந்து இரவு வரை வரிசையில் நின்று அடித்தது. பம்பு என்ன செய்யும்? உடைந்தது. 1974-இல் எடுத்த கணக்கில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பம்புகள் வேலை செய்யவில்லை என்று தெரியவந்தது. பொருத்தியவர்கள் திரும்பிப் போய்ப் பார்த்ததால்தான் அதுவும் தெரிந்தது.

அதன் பிறகுதான் யுனிசெப் அமைப்பும் இந்தியப் பொறியாளர்களும் உட்கார்ந்து, மகாராஷ்டிர மாநிலத்துச் சோலாப்பூரில் பட்டறைக்காரர்கள் உருக்கில் செய்து பார்த்திருந்த பம்பை அடிப்படையாக எடுத்துக்கொண்டு, 'இந்தியா மார்க் டூ' என்ற பம்பை உருவாக்கினார்கள். கோயம்புத்தூர் வட்டாரத்துக் கிராமங்களில் சோதித்தார்கள். சென்னையில் ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் ஆலையில் உற்பத்தி நடந்தது. உலகத்தில் மிக அதிகமாகப் பயன்படும் கைப்பம்புகளில் ஒன்றாக அது ஆனது.

அத்தோடு கதை முடியவில்லை. மார்க் டூ அவ்வளவு சீக்கிரம் உடையாது. ஆனால் உள்ளே தோல் வளையம் தேய்ந்துவிட்டால் கிணற்றுக்குள் இருக்கும் குழாய் முழுவதையும் மேலே தூக்க வேண்டும். அதற்கு வண்டியும் ஆட்களும் வர வேண்டும். வண்டி வரும்வரை பெண்கள் பழையபடி குளத்துக்குப் போனார்கள். மறுபடியும் கோயம்புத்தூர்ப் பகுதியில் 1983 முதல் 1988 வரை களச் சோதனை நடந்தது. அதன் பலன் 'மார்க் த்ரீ'. இதில் கிணற்றுக்குள் இறங்கும் குழாயை அகலமாக்கினார்கள். 32 மில்லிமீட்டருக்குப் பதில் 65 மில்லிமீட்டர். குழாய் அகலமானதும், உள்ளே இருக்கும் பிஸ்டனை மட்டும் மேலே இழுத்து எடுத்து, வளையத்தை மாற்றிவிட்டு, திரும்ப இறக்கலாம். கிராமத்து ஆளே செய்துகொள்ளலாம். குழாயின் அகலம் என்பது வகுப்பறையில் ஒரு எண். அந்த எண்ணை மாற்றச் சொன்னது, வண்டிக்குக் காத்திருந்த கிராமம்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் 'பிளேபம்ப்' என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். குழந்தைகள் ராட்டினம் சுற்றுவார்கள், அந்தச் சுழற்சியில் தண்ணீர் மேலே ஏறும். கேட்கவே இனிப்பாக இருக்கிறது அல்லவா? 2006-இல் அமெரிக்காவில் இதற்கு 1 கோடியே 64 இலட்சம் டாலர் அறிவித்தார்கள். ஆப்பிரிக்க நாடுகளில் 4,000 பம்புகள் போடுவது இலக்கு. குழந்தைகள் விளையாடிக் களைத்துப் பள்ளிக்குப் போனபின், அந்த ராட்டினத்தைச் சுற்றியவர்கள் யார் தெரியுமா? வயதான பெண்கள். பிரிட்டனின் கார்டியன் பத்திரிகை 2009-இல் கணக்குப் போட்டுப் பார்த்தது: சொன்ன அளவு மக்களுக்குத் தண்ணீர் கொடுக்கக் குழந்தைகள் ஒரு நாளைக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும்! நாளுக்கு 24 மணி நேரம்தான் என்பதை யாரும் யோசிக்கவில்லை போலிருக்கிறது. பல கிராமங்களில் முன்பு இருந்த சாதாரணக் கைப்பம்பைக் கழற்றிவிட்டு இதைப் போட்டிருந்தார்கள் என்பதுதான் கொடுமை.

உடைந்த வளையல் ஊரில்

இனி அந்த அம்மாவின் ஊருக்கு வருவோம்.

கெலாங் பாத்தா என்றால் உடைந்த வளையல் என்று பொருள். ஜொகூர் பாருவுக்கு மேற்கே இருக்கும் ஊர். 1998-இல் சிங்கப்பூருக்கு இரண்டாவது பாலம் திறந்தது இந்தப் பக்கம்தான். சுங்கை புலாய் ஆற்றின் முகத்துவாரத்தில் தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகம். 2006-இல் தொடங்கிய இஸ்கண்டார் மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பின் ஊரின் முகமே மாறிவிட்டது. நாடாளுமன்றத் தொகுதிக்கு இருந்த 'கெலாங் பாத்தா' என்ற பெயர்கூட 2018-இல் 'இஸ்கண்டார் புத்ரி' ஆகிவிட்டது.

பொறியியல் படிப்புக்கும் இங்கே பஞ்சமில்லை. ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பிரிட்டனின் சவுத்ஹாம்டன் பல்கலைக்கழகம் 2012-இல் இந்த வட்டாரத்து எடுசிட்டியில் கிளை திறந்தபோது பொறியியலோடுதான் தொடங்கியது. ஸ்கூடாயில் பேராசிரியர் கைரியா முகமட் யூசோப்பும் சக ஆசிரியர்களும், முதலாண்டு வேதிப் பொறியியல் மாணவர்களுக்குப் புத்தகக் கணக்குக்குப் பதிலாக, விடை முன்கூட்டியே தெரியாத நிஜப் பிரச்சினைகளைக் கொடுத்துக் குழுவாகத் தீர்க்க வைக்கும் முறையைப் பல ஆண்டுகளாக வளர்த்திருக்கிறார்கள். அது முழுமையான சேவைவழிக் கற்றல் இல்லை என்றாலும் பக்கத்து வீடு.

கண்ணாடிக் கட்டடங்களிலிருந்து கொஞ்ச தூரத்தில் இன்னொரு உலகம் இருக்கிறது. சுங்கை புலாய் சதுப்புநிலக் காடு; 2003-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது, 9,126 ஹெக்டர். கம்போங் சிம்பாங் ஆராங்கில் ஒராங் செலேத்தார் என்னும் பூர்வகுடி மக்கள். ஒரு காலத்தில் படகையே வீடாகக் கொண்டு வாழ்ந்தவர்கள். தஞ்சோங் கூப்பாங் பக்கத்தில் மலாய் மீனவக் கம்பங்கள். 2014-இல் தொடங்கிய ஃபாரஸ்ட் சிட்டி திட்டத்துக்காகக் கடலில் மண் கொட்டியபோது, கடற்புல் படுகைகளை நம்பியிருந்த மீனவர்கள் பாதிக்கப்பட்டார்கள். அந்தத் திட்டத்தை வரைந்ததும் பொறியாளர்கள்தான் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒரு கற்பனை செய்து பாருங்கள். இரண்டாமாண்டு மின்னியல் மாணவர்கள் ஐந்து பேர் இப்படி ஒரு மீனவக் கம்பத்துக்குப் போகிறார்கள். படகுத்துறைக்குச் சூரிய சக்தி விளக்கு போடப் போகிறார்களாம். கணக்கு சுலபம். 10 வாட் விளக்கு, இரவு 12 மணி நேரம். 120 வாட்-மணி மின்சாரம் வேண்டும். நல்ல வெயில் நாளைக்கு 4 மணி நேரம் என்று வைத்தால் 30 வாட் தகடு. இழப்புகளுக்காக 50 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு நாள் மழை பெய்தால் 240 வாட்-மணி கையிருப்பு வேண்டும். சாதாரண ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் தீர்க்கக் கூடாது, ஆகவே 480. பன்னிரண்டால் வகுத்தால் 12 வோல்ட்டில் 40 ஆம்பியர்-மணி பேட்டரி. தேர்வுத்தாளில் இதற்கு முழு மதிப்பெண். படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

ஆனால் ஆறு மாதம் கழித்து மறுபடி போனால்தான் பாடம் தொடங்கும். உப்புக்காற்றில் கம்பி இணைப்புகள் பச்சை பிடித்திருக்கும். உப்புக்காற்று கணக்கில் வரவில்லையே! கடற்பறவை எச்சம் தகட்டை மூடியிருக்கும். துடைக்க ஏணி யாரிடம் இருக்கிறது? இரண்டு மூன்று வருடத்தில் பேட்டரி செத்துவிடும். புதியது வாங்க யார் காசு கொடுப்பது, செத்த ஈய பேட்டரியைச் சதுப்புநிலத்தில் வீசாமல் எங்கே கொடுப்பது? மீனவர் கடிகாரத்தைப் பார்த்துக் கடலுக்குப் போவதில்லை, நீர் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துப் போகிறார். அப்படியானால் 12 மணி நேரமும் விளக்கு எரிய வேண்டுமா? பாதி நேரம் போதும் என்றால் பேட்டரியின் விலையும் பாதியாகும். கடைசியாக, கம்பத்துப் பெரியவர் ஒருவர், "விளக்கு பரவாயில்லை, எங்களுக்கு வேண்டியது மீன் கெடாமல் வைக்க ஐஸ் பெட்டிதான்" என்று சொல்லிவிடலாம். அப்போது முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்த ஐந்து பேரும் உலோக அரிப்பு, செலவுக் கணக்கு, பழுதுபார்ப்பு, மனிதர்களிடம் கேட்பது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் படித்திருப்பார்கள்.

ஆகவே, அம்மா, உங்கள் மகன் கால்வாயைப் 'பார்க்க'ப் போனதாகச் சொன்னாரே, அந்தச் சொல்லில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. வாரப் போகவில்லை, பார்க்கப் போயிருக்கிறார்.

வேலை கிடைக்குமா என்பது அடுத்த கவலை. மலேசியா 2009-இல் வாஷிங்டன் உடன்பாட்டில் முழு உறுப்பினர் ஆனது. உறுப்பு நாடுகள் ஒன்றின் அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டங்களை மற்றொன்று சமமாக ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு அது. அந்த அங்கீகாரம் கொடுக்கும்போது கணக்கும் வடிவமைப்பும் மட்டும் பார்ப்பதில்லை. சமுதாயத்தையும் சுற்றுச்சூழலையும் பற்றிய பொறுப்பு, தொழில் ஒழுக்கம், குழுவேலை, பேச்சுத்திறன் ஆகியவை மாணவனிடம் வந்திருக்கின்றனவா என்றும் பார்க்கிறார்கள். கம்பத்துக்குப் போவது பட்டத்துக்கு வெளியே இருக்கும் பொழுதுபோக்கு இல்லை.

ஆனால் எல்லா இடத்திலும் இது சரியாக நடக்கிறது என்று நான் சான்றிதழ் கொடுக்க மாட்டேன். 14 வாரப் பருவத்துக்குள் ஒரு கம்பத்தைப் புரிந்துகொண்டு, வடிவமைத்து, செய்து, பொருத்தி, அறிக்கையும் எழுதி முடிப்பது லேசான காரியமா? பொறுப்பெடுக்கும் விரிவுரையாளருக்குப் பதவி உயர்வு கம்பத்துப் பழுதைச் சரி செய்ததற்காகக் கிடைப்பதைவிட, ஆய்வுக் கட்டுரை எழுதியதற்காகத்தான் சுலபமாகக் கிடைக்கிறது. பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கம்பத்துக்காரர்களின் நிலையையும் நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பருவமும் புதுப்புது முகங்கள், அதே கேள்வித்தாள், அதே தேநீர். அவர்கள் வீட்டுத் தேநீருக்கும் செலவு இருக்கிறது. மாணவனுக்கு ஆனாலும் ஒரு பாடம் மிஞ்சும். கம்பத்துக்கு மிஞ்சுவது துருப்பிடித்த விளக்குக் கம்பமாக இருந்தால், யார் யாருக்குச் சேவை செய்தார்கள்?

ஒளிப்பதிவு முடிந்து விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மா இன்னும் வாசலில் நின்றிருந்தார். அவரிடம் இரண்டே கேள்விகளை மகனிடம் கேட்கச் சொன்னேன். கால்வாயைப் பற்றி அங்கே குடியிருப்பவர்கள் என்ன சொன்னார்கள்? அடுத்த பருவம் அந்தக் கால்வாயைப் பார்க்கப் போவது யார்? அங்கேயே நின்றுகொண்டு மகனுக்கு அழைத்தார். பேசி முடித்ததும் கைப்பேசியைப் பைக்குள் போட்டபடி சொன்னார்:

"மழை இல்லாத நாள்லயும் தண்ணி ஏறுதுன்னு அங்க ஒரு பாட்டி சொல்லுச்சாம் தம்பி. கடல் ஏறும்போது கால்வாய்க்குள்ள திரும்பி வருதாம். அளவு எடுக்க அடுத்த பௌர்ணமிக்குப் போறாங்களாம். ராத்திரியிலயாம். ஒரு நல்ல டார்ச்லைட் வாங்கிக் குடுக்கணும்."